ஒன்றரை மணிக்கு ஏரிக்கரை

கொடைக்கானலில் வேலை பார்க்கிற பலருக்கு ஏரி என்பது வண்டியில் கடந்து போகிற இடம். கீழே இருந்து சொந்தக்காரர்கள் வந்தால் கூட்டிப் போவோம், படகுத்துறையில் நின்று போட்டோ எடுப்போம், பஜ்ஜி வாங்கிக் கொடுப்போம். மற்ற நாட்களில் அந்தப் பக்கம் கால் வைப்பதில்லை. ஏரி டூரிஸ்டுகளுக்கு, மூஞ்சிக்கல்லும் மார்க்கெட்டும் நமக்கு என்று யாரும் சொல்லாமலே ஒரு பாகப்பிரிவினை நடந்துவிட்டது. இது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். சில வருடங்களாக மதிய இடைவேளையில் அந்தக் கரையில் நடந்து வருவதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

நான் ஏழு ரோடு பக்கம் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். சொந்த ஊர் தேனிப் பக்கம். கூட நடப்பவர் பக்கத்து மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்கா. மூஞ்சிக்கல்லில் பிறந்து வளர்ந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். அவருக்கு சுகர். சாப்பிட்டதும் உட்காராமல் கொஞ்சம் நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு நாள் முழுக்க நாற்காலி, அதனால் இடுப்பு வலி. வலிக்குத் தைலம் வாங்கப் போன இடத்தில் பேச்சு வளர்ந்து, "தனியா நடக்க ஒரு மாதிரியா இருக்கு புள்ள, நீ வர்றியா?" என்று அக்காதான் கேட்டார்.

கேட்பது சுலபம், நேரம் அமைவதுதான் கஷ்டம். எனக்கு ஒன்றிலிருந்து இரண்டு வரை இடைவேளை, அக்காவுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை. இரண்டுக்கும் பொதுவாக அரை மணி நேரம்தான் கிடைத்தது, ஏரிக்குப் போய் நடந்து திரும்ப அது போதாது. காலையில் கால் மணி முன்னதாக வந்துவிடுகிறேன், இடைவேளையை ஒன்றே காலுக்கு மாற்றித் தாருங்கள் என்று மேலாளரிடம் கேட்டேன். அக்காவும் கடையில் உடன் வேலை பார்க்கிற பையனிடம் பேசி அதே நேரத்துக்கு மாற்றிக்கொண்டார். யாரும் மறுக்கவில்லை. 'நடக்க வேண்டும், நேரம் கொடுங்கள்' என்று பொதுவாகக் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா தெரியாது. எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, அதற்கு ஈடாக என்ன தருகிறோம் என்று கையில் வைத்துக்கொண்டு கேட்டதால் ஒரே பேச்சில் முடிந்தது.

அவரவர் இடத்தில் சாப்பிட்டுவிட்டு ஒன்றரைக்கு ஏரிக்கரையில் சேர்ந்துகொள்வோம். கால் மணியில் முழுச் சாப்பாட்டை அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு நடந்தால் விலாவில் பிடிக்கும். அதனால் மதிய டப்பாவில் சோற்றைக் குறைத்து, மீதிப் பசிக்கு நாலு மணிக்குச் சுண்டலோ அவித்த கடலையோ என்று மாற்றினோம். அக்காவுக்கு இது சுகருக்கும் ஒத்துப்போனது, எனக்கு மூன்று மணித் தூக்கம் போனது.

மதியத்தில் யாராவது நடப்பார்களா என்று தேனியிலிருந்து அம்மா இன்னும் கேட்கிறார். கீழே வெயிலில் அது முடியாதுதான். இங்கே ஊர் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் விடியற்காலைப் புல்லில் உறைபனி கிடக்கும், அந்த நேரத்தில் நடக்கிறேன் என்று சபதம் எடுத்தவர்கள் பொங்கலுக்குள் போர்வைக்குத் திரும்பிவிடுவார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வந்தால் இருட்டும் குளிரும், போதாததற்குக் காட்டுமாடு. மதியம் மட்டும்தான் உடம்பு விறைக்காமல் நடக்கக்கூடிய வேளை. அதிலும் தள்ளிப்போடக் கூடாது. வெயில் ஏற ஏறக் கீழேயுள்ள பள்ளத்தாக்குகளிலிருந்து மேகம் மேலே வந்து ஊரை மூடத் தொடங்கும். 1901 முதல் சூரியனைக் கவனித்து வரும் இங்குள்ள ஆய்வுக்கூடத்திலேயே காலை வானத்தைத்தான் நம்புவார்கள். சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-ல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது இந்த வானத்துக்குக் கீழேதான். அக்காவுக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டாம், எதிர்க்கரை மரங்களைப் பார்த்தே, "வா புள்ள, மேகம் இறங்கறதுக்குள்ள ஒரு எட்டு போயிட்டு வந்துரலாம்" என்று கிளப்பிவிடுவார். அவர் கணக்குத் தப்புவது அபூர்வம்.

ஏரியைச் சுற்றி வரும் சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். பேசிக்கொண்டே ஓரளவு வேகமாக நடந்தால் ஒரு மணி நேரம் ஆகும், இடைவேளைக்குள் அடங்காது. சுற்றி முடித்தே தீர வேண்டும் என்று நினைத்தால் ஒன்று ஓடணும், இல்லை அலுவலகத்துக்குத் தாமதமாகப் போகணும். இரண்டுமே பழக்கத்தைக் கொன்றுவிடும். நாங்கள் செய்வது இதுதான்: இருபது நிமிடம் ஆனதும் எங்கே நிற்கிறோமோ அங்கேயே திரும்பிவிடுவது. இன்னும் ஒரு வளைவு என்ற ஆசைக்கு இடமில்லை. ஒரு நாள் இடப்பக்கமாக, மறுநாள் வலப்பக்கமாக. முழுச் சுற்று விடுமுறை நாளுக்கு.

திரும்பி வருவதால் ஒன்றும் குறைந்துவிடாது. இந்த ஏரி நட்சத்திரம் மாதிரி கைகளை நீட்டிக் கிடப்பது. சாலையும் அந்தக் கைகளை ஒட்டி உள்ளே போய் வெளியே வருகிறது. எதிரே கூப்பிடு தூரத்தில் தெரிகிற கரைக்கு நடந்து போகப் பத்து நிமிடம் ஆகும். ஒரு வளைவில் காற்று முகத்தில் அறையும், அடுத்த வளைவில் இலைகூட அசையாது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் ஏரிக்குத் தெற்கே உள்ள சரிவின் அடியில் போகும் சாலைப் பகுதியில் மதியம்கூட நிழலும் ஈரமும்தான். அந்த மாதங்களில் வெயில் விழுகிற பக்கமாகப் பார்த்துப் போவோம். ஏப்ரல் நடுவில் சூரியன் நேராக உச்சிக்கு வந்துவிடும், அப்போது மரத்தடி தேடிப் போவோம். போகும்போது பார்த்த அதே இடம் வரும்போது வேறு வெளிச்சத்தில் இருக்கும்.

குளிர் ஊர்தானே என்று வெயிலை அலட்சியம் செய்யாதீர்கள். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிரின் வீச்சு ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். உடம்பில் சூடு தெரியாது, ஆனால் தோல் கருகும். ஏரிக்கரைக் குதிரைக்காரர்களின் கன்னத்தையும் மூக்கையும் பார்த்தால் புரியும். முன்விளிம்பு உள்ள தொப்பி அவசியம். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நடந்தால் கொஞ்ச நேரத்தில் வியர்க்கும், கழற்றினால் மேகம் இறங்கிய நிமிடம் நடுக்கம் வரும். மெல்லிய சட்டை ஒன்றின் மேல் ஒன்று, கழற்றினால் இடுப்பில் கட்டிக்கொள்கிற மாதிரி. சேலைக்காரர்களுக்கு முன்பக்கம் திறக்கிற ஸ்வெட்டரும் ஒரு சால்வையும் போதும் என்பது அக்காவின் தீர்ப்பு.

புதிதாக மலைக்கு மாற்றலாகி வருகிறவர்கள் முதல் வாரங்களில் மூச்சு வாங்கினால் பயப்பட வேண்டாம். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். ஏரிச்சாலை பெரும்பாலும் சமதளம் என்பதால் பழக நல்ல இடம். அப்சர்வேட்டரி ரோடு ஏற்றத்தைச் சாப்பிட்ட வயிற்றோடு தொட வேண்டாம். வேகத்துக்கு ஒரு எளிய அளவு இருக்கிறது: பேச முடியணும், பாட முடியக் கூடாது. பேச்சே திணறினால் வேகத்தைக் குறைக்கணும். ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் அது உயரத்தால் என்று நீங்களே முடிவு செய்யாமல் டாக்டரைப் பாருங்கள்.

சுகர் விஷயத்தையும் சொல்லணும், இதை அக்காவிடமிருந்தே கற்றேன். சாப்பிட்ட பிறகு நடக்கும்போது காலின் பெரிய தசைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன. அதனால் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றம் அடங்குகிறது. ஐந்து நிமிட நடைகூட உட்கார்ந்திருப்பதைவிட மேல். ஆனால் இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சில வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் நடையில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். கை நடுக்கம், திடீர் வியர்வை, கண் இருட்டுவது, காரணமில்லாத எரிச்சல் இவை அடையாளம். அக்காவின் பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கும், அது எந்த ஜிப்பில் என்று எனக்கும் தெரியும். கடலைமிட்டாய் இதற்கு உதவாது, கடலையின் கொழுப்பு சர்க்கரை வேகமாக ரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். குளுக்கோஸ் இல்லையென்றால் வெறும் சர்க்கரை போதும். கூட நடப்பவருக்கு உங்கள் நோய் தெரிந்திருக்க வேண்டும், கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. அக்காவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை இப்போது முன்பைவிட நன்றாக இருக்கிறது. மருந்து, சாப்பாடு, நடை மூன்றும் சேர்ந்து செய்தது என்றார் டாக்டர். எனக்கு இடுப்பு வலி முழுக்கப் போகவில்லை, தைலம் மட்டும் வாங்குவதில்லை.

இவ்வளவு காலம் இது நிற்காமல் போவதற்கு எங்கள் மன உறுதி காரணமில்லை. ஒரே ஒரு ஏற்பாடு காரணம். 'இன்னைக்கு வர்றியா?' என்று நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை. நடை உண்டு என்பதுதான் வழக்கம், வர முடியாதவர் மட்டும் தகவல் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மற்றவர் நடக்கத் தொடங்கலாம், கோபம் கிடையாது. தினமும் கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டு பேரில் ஒருவருக்கு எப்படியும் சோம்பல் இருக்கும், அந்தச் சோம்பலே ஜெயிக்கும். மேகம் மூட்டமாக, வேலை குவிந்து, எனக்குத் துளியும் பிடிக்காத மதியங்களில், அக்கா அங்கே வந்து நிற்பாரே என்ற ஒரு நினைப்புதான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியிருக்கிறது. அவருக்கும் அப்படித்தானாம்.

மகளின் பிரசவத்துக்கு அக்கா திண்டுக்கல் போயிருந்த சமயம், எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணைக் கூட்டிக்கொண்டேன். அவள் நடை வேகம், பேச்சு குறைவு. பிறகு அக்கா திரும்பியதும் மூவரானோம், சில நாள் அவளும் நானும், சில நாள் அவளும் அக்காவும். மூன்றாவது ஆள் ஒருவர் இருப்பது நல்லது, ஒருவர் ஊருக்குப் போனாலும் சங்கிலி அறுவதில்லை. ஐந்தாறு பேர் என்றால் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்வலம் போலாகிவிடும், பின்னால் வருகிற சைக்கிள்காரர் பாடு திண்டாட்டம்.

பேச்சுக்கும் ஒரு வரம்பு வைத்தோம். முதல் வளைவு வரை அலுவலகப் புலம்பல், அதற்குப் பிறகு கிடையாது. அதற்கு அப்பால் வந்த பேச்சுகளை நினைத்தால் எனக்கு நிறைவாக இருக்கிறது. அக்கா தன் வாழ்க்கையைக் குறிஞ்சி பூத்த வருடங்களை வைத்துச் சொல்வார். 1982-ல் பூத்தபோது அவர் பள்ளிக்கூடத்துச் சிறுமி, அப்பா தோளில் தம்பியும் பின்னால் இவருமாகப் பார்க்கப் போனது. 1994-ல் கல்யாணம். 2006-ல் மகளைக் கூட்டிப் போனது. 2018-ல் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில், அந்த வருடம் பூவைப் பார்க்கவே போகவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிக்கும்போது இதையெல்லாம் அவர் சொல்லியிருப்பாரா தெரியாது. இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டு நடக்கும்போது, கண் கலங்கினாலும் பக்கத்தில் இருப்பவர் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றுமே பேசாமல் நடந்து திரும்பிய நாட்களும் உண்டு, 'ஏன் உம்முன்னு இருக்க?' என்று அவர் ஒருபோதும் கேட்டதில்லை. போன் இருவருக்கும் பையில்தான். கடையிலிருந்து அழைப்பு வந்தால் மட்டும் எடுப்பார்.

தினமும் பார்ப்பதால் ஏரியும் பழகிவிட்டது. மதுரை கலெக்டராக இருந்த லெவிங் 1863-ல் இங்கிருந்த ஓடைகளுக்குக் குறுக்கே கரை எழுப்பி உண்டாக்கிய நீர்நிலை இது. இயற்கையான ஏரி என்றே நான் நினைத்திருந்தேன், ஓடைகள் வந்து சேரும் முனைகளை அக்கா காட்டிய பிறகுதான் அந்த நட்சத்திர வடிவம் ஏன் வந்தது என்று விளங்கியது. பள்ளங்கள் எங்கெங்கே இருந்தனவோ அங்கெல்லாம் தண்ணீர் ஒரு கையை நீட்டியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து வழிகிற தண்ணீர்தான் மலைச்சாலையில் பஸ்ஸிலிருந்து பார்க்கிற வெள்ளி அருவியில் போய் விழுகிறது. மழை வலுத்த வாரத்தில் வழிகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு, "இந்த வாரம் அருவி நல்லாருக்கும், ஊருக்குப் போறப்ப ஜன்னல் சீட்டா பாத்து உக்காரு" என்பார். களை எங்கே கூடுகிறது, எந்த மூலையில் சாக்கடை நாற்றம் வருகிறது, எங்கே குப்பை ஒதுங்குகிறது என்பதெல்லாம் இப்போது எங்களுக்குத் தெரியும். நகராட்சியில் வேலை பார்ப்பவர்கள் எதிர்ப்பட்டால் நின்று சொல்வோம். வாரம் ஒருமுறை வருகிறவர் கண்ணில் படாத மாற்றம் தினமும் நடப்பவர் கண்ணில் படும். உள்ளூர்க்காரர்கள் ஏரிக்கரையில் நடக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு உடல்நலத்தைவிட இது பெரிய காரணம்.

தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு இங்கே தடை இருக்கிறது.

மழைக்காலம்தான் சோதனை. குடை ஏரிக்காற்றில் மடங்கித் திரும்பிவிடும், முட்டி வரை வரும் மழைக்கோட்டே சரி. கேன்வாஸ் ஷூ ஒருமுறை நனைந்தால் இந்த ஊரில் நாள் கணக்கில் காயாது. உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்தால் ஈரத்தை இழுக்கும், இரண்டு மூன்று தடவை மாற்ற வேண்டும். மேசைக்கடியில் ஒரு ஜோடி செருப்பும் காய்ந்த சாக்ஸும் எப்போதும் வைத்திருக்கிறேன். சாரல், தூறல் என்றால் நடப்போம். இடி கேட்டால் கிடையாது. ஏப்ரல், மே மதியங்களிலும் அக்டோபரிலும் இடி சீக்கிரம் வந்துவிடும். திறந்த தண்ணீர்க் கரையும் உயரமான மரத்தடியும் அப்போது நிற்கக் கூடாத இடங்கள். காற்று வீசும் நாளில் தைலமரத்தடியில் ஒதுங்க வேண்டாம், கிளை எப்போது ஒடியும் என்று சொல்ல முடியாது.

காட்டுமாடு மதியத்திலும் வரும், குறைவுதான். சாலையோரம் மேய்ந்துகொண்டிருக்கும், சாதுவாகத் தெரியும். ஆண் மாடு ஆயிரம் கிலோ வரை வளரக்கூடியது. தலையைத் தாழ்த்துவதும், மூச்சை உரக்க விடுவதும் எச்சரிக்கை. நாங்கள் நின்று பார்ப்பதில்லை, சத்தம் போடுவதில்லை, ஓடுவதும் இல்லை. முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே மெதுவாகப் பின்வாங்கி வந்த வழியே திரும்பிவிடுவோம். அன்று நடை பாதிதான். கன்றோடு இருந்தால் இன்னும் தள்ளி. போன் எடுத்து நெருங்குகிறவர்களை அக்கா அதட்டியே தடுத்திருக்கிறார், அவர்கள் கோபித்துக்கொண்டாலும் அவருக்குக் கவலையில்லை.

சீசன் வந்தால் ஏரிச்சாலை எங்களுடையது இல்லை. பிரையண்ட் பூங்காவில் மலர்க்கண்காட்சி நடக்கிற மே மாதத்தில் வண்டி, குதிரை, வாடகை சைக்கிள் என்று நடக்க இடம் இராது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் விடுமுறை நாட்களில் நெரிசல்தான். பலருடைய நடைப் பழக்கம் இந்த ஆறேழு வாரத்தில்தான் செத்துப்போகிறது, ஜூனில் திரும்பத் தொடங்குவதில்லை. அதனால் சீசனுக்கென்று தனி வழி வைத்திருக்கிறோம்: லோயர் சோலா ரோடு பக்கம், மரங்களுக்கு நடுவே. ஏரி தெரியாது, ஆனால் நேரம் அதேதான், சேரும் ஏற்பாடும் அதேதான். மழை பெய்த மறுநாள் அந்தப் பக்கம் புல்லில் இறங்கினால் அட்டை ஏறும், சாலையிலேயே நடக்கணும். ஏரிக்குப் போக வேண்டியிருந்தால் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வலப்புறமாக நடப்போம். சைக்கிள் ஓட்டிப் பல வருடமான அப்பாக்கள் குழந்தையை முன்னால் வைத்துக்கொண்டு வளைவில் தடுமாறுவார்கள், அங்கே ஒதுங்கி நிற்பது நல்லது.

எங்கள் மூன்றாவது ஆளான அந்தப் பெண்ணுக்கு இப்போது வேறு இடத்தில் வேலை, இடைவேளை அரை மணி நேரம்தான். அவள் விடவில்லை. பூங்கா வாசல் வரை பத்து நிமிடம், திரும்பப் பத்து நிமிடம், அங்கே பழக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். பேரிக்காய் வரத்து அதிகமானால் அந்தம்மாவால் கடையை விட்டு நகர முடியாது, அந்த வாரங்களில் எங்களோடு பாதி தூரம் வந்துவிட்டு அவள் மட்டும் முன்னதாகத் திரும்பிவிடுவாள்.